செஃபின் மன்னிப்புக் கேட்க மாட்டா

அவவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "ஆரைக் கேட்டு எழுதினனி?" என்பா. நான் உடனே மன்னிப்புக் கேட்பேன். அதற்காகவே அவவுக்கு இன்னும் கோபம் வரும். பெண் முதலாளியை ஜெர்மன்காரர் 'செஃபின்' என்பார்கள். குசினியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மெக்சிக்கோவின் தெற்கில் வஹாக்கா என்றொரு பகுதி. அங்கே பிறந்தவ, வூப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கி ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பீங்கான் கழுவப் போனபோது கடைக்கு ஆறு வயது. எனக்கு இருபத்துநாலு. புத்தி என்று பார்த்தால் கடைதான் மூத்தது.

நான் மன்னார்க் கத்தோலிக்கன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டது. வெளியில் சொல்லும்போது நான்தான் அதைக் கைவிட்டதாகச் சொல்லிக்கொள்வேன். சின்ன வயதிலேயே நெஞ்சில் அடித்து 'என் பாவமே' சொல்லிப் பழகியவனுக்கு, ஜெர்மனியில் இறங்கியதும் முதலில் ஒட்டிய சொல் 'என்ட்ஷுல்டிகுங்'. மன்னிக்கவும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்தே ஆறு மாதம் காலம் தள்ளினேன். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்வேன். என் காலை மிதித்தவரிடமும் சொல்வேன். சுப்பர்மார்க்கெட்டில் தானாகத் திறக்கிற கதவு கொஞ்சம் பிந்தித் திறந்தால் கதவிடமும் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாளே ஒரு அடுக்குப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு போய் நிலத்தில் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பீங்கானுக்கு ஒரு என்ட்ஷுல்டிகுங் என்ற கணக்கில் சொல்லத் தொடங்கினேன். செஃபின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தா. குள்ளம், அகலம், இரண்டு பின்னல்.

"பீங்கான் உனக்குப் பதில் சொல்லுமோ?"

"இல்லை செஃபின்."

"அப்ப வாயை மூடு. தும்புத்தடியை எடு."

அவ கதைத்தது பாதி ஸ்பானிஷ், பாதி ஜெர்மன், மிச்சம் கரண்டியால். கணக்குப் பிழைக்கிறதுதான், சொன்னேனே, ஐந்தாம் வகுப்பு. என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் நினைத்தது, இவ என்னைத்தான் மன்னிப்புக் கேட்க விடவில்லை என்று. பிறகுதான் தெரிந்தது, அவவிடமே அந்தச் சொல் கிடையாது. இந்த நாட்டில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். அவ எத்தனையோ வருடம் இங்கே இருந்து, ஒருநாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

மோலே என்று ஒரு குழம்பு வைப்பா. மிளகாயைக் கருகக் கருக வறுத்து, எள்ளு, கச்சான் கடலை, வாழைப்பழம், கடைசியில் சொக்கிலேற் எல்லாம் போட்டு மூன்று நாள் இழுபடும். தாரைப் போலக் கறுப்பு. ஒரு பெரிய மனிதர், கழுத்துப்பட்டி கட்டியவர், ஒரு வாய் வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இது கருகிப் போச்சு."

"ஓம்," என்றா செஃபின். "கருக்கத்தான் மூண்டு நாள் எடுத்தது."

கற்றாழை மாதிரி ஒரு செடியில் வடிக்கிற சாராயமும் இருந்தது. சில போத்தல்களின் அடியில் ஒரு புழு கிடக்கும். அது அவர்கள் வழக்கம். ஒரு அம்மா அதைக் கண்டு கத்தினா, "புழு! உள்ளுக்குள்ளை புழு!" செஃபின் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "ஒண்டுதான். ரெண்டு போட்டால் விலை கூட." அந்த அம்மா கடைசியில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, புழுவைப் பற்றி நலம் விசாரித்துவிட்டுப் போனா.

பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கூட்டம், சுவரில் ஏன் பெரிய தொப்பி இல்லை, சோளத்துண்டுக்கு மேல் ஏன் மஞ்சள் சீஸ் ஊற்றவில்லை, இது என்ன மெக்சிக்கோக் கடை என்று கேட்டது.

"இது மெக்சிக்கோ இல்லை, வஹாக்கா," என்றா செஃபின். "தொப்பி வேணுமெண்டால் மழைக்கு வாங்குங்கோ."

எனக்கு இது நன்றாகவே விளங்கியது. 'எல்லாம் ஒரே சிலோன்தானே' என்று எவனாவது மன்னார்க் கருவாட்டையும் யாழ்ப்பாணக் கூழையும் ஒரு சட்டியில் போட்டால் எனக்கும் வருமே ஒரு கோபம். ஆனால் நான் கோபப்பட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதுதான் வித்தியாசம்.

ஊறவைத்த அரிசியை அரைத்துக் கறுவா போட்டு, அந்தத் தண்ணீரை ஐஸ்கட்டியோடு நாலு மார்க்குக்கு விற்பா. எங்கள் வீட்டில் கஞ்சித்தண்ணியை மாட்டுக்குச் சும்மா வைப்போம். அதைச் சொன்னேன். "உங்கடை மாடு குடுத்து வைச்சது," என்றா. அவ்வளவுதான்.

இந்த ஆள் யார் என்று எனக்கு உண்மையாகத் தெரிந்தது, அந்த மோலேயை நானே நாசமாக்கிய நாளில்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை. ஒரு பெரிய சட்டி, அதற்குள்ளே கறுப்பாக ஏதோ பளபளக்கிறது. யாரோ கார் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, சவர்க்காரத்தை ஊற்றிச் சுடுதண்ணீரையும் திறந்துவிட்டேன். மூன்று நாள் வேலை நுரை நுரையாக எழும்பியது. செஃபின் பார்த்தா. நான் என்ட்ஷுல்டிகுங்கை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். விரலைத் தூக்கினா. மூடினேன்.

"இண்டைக்குத் திங்கள். வியாழனுக்கு முடிஞ்சிடும். எள்ளைக் கழுவு."

அன்று மாலை கொலோனிலிருந்து மோலேக்கென்றே ஒரு தம்பதி வந்தது.

"மோலே இல்லை."

"ஏன் இல்லை?"

"இண்டைக்கு இல்லை. வியாழன் வாங்கோ."

சவர்க்காரம் என்ற சொல் அவ வாயில் வரவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நான் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் முடிந்த அளவு குனிந்து நின்றேன்.

அவவும் கத்தோலிக்கம். என்னைவிடப் பெரிய பக்திக்காரி. மாதாவுக்கு முன்னால் அவ மெழுகுதிரி கொளுத்தினால் தீயணைப்புப் படைக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு பெரிய வெள்ளிக்கு முன் இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. பாதிப் பாவத்துக்கு ஜெர்மன் தெரியாமல் கையால் காட்டினேன். அவ போன கையோடு திரும்பி வந்தா. பின்னாலேயே சுவாமியார் வெளியே வந்து நெற்றியைத் துடைத்தார்.

"என்ன செஃபின் சொன்னியள்?"

"செய்தது இன்னதெண்டு சொன்னன். மனம் வருந்திறியோ எண்டு கேட்டார். இல்லை எண்டன்."

இப்படி நாலு வருடம் ஓடியது. கடைக்குப் பத்து வயது வருகிறபோது ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள். செஃபின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற படம். அந்தக் கிழமை கதிரை காணாமல் சனம் வாசலில் நின்றது. அடுத்த கிழமை குளிர்ப்பெட்டி செத்தது. பரிமாறுகிற போலந்துப் பிள்ளை வழுக்கி விழுந்து கையை முறித்தது. செஃபினுக்கு எண்ணெய் தெறித்து முழங்கை வெந்தது. அதற்கும் மேலே, கடை இருந்த கட்டிடத்தின் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது: பத்து வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கும் எண்ணம் இல்லை. அவருடைய மருமகன் அந்த இடத்தில் உடம்பைப் பொன்னிறமாக்கும் விளக்குக் கட்டில்கள் போட்டுக் கடை திறக்கப் போகிறானாம். எங்கள் குசினியில் கோழியை வறுத்தோம். அவன் ஆட்களை வறுக்கப் போகிறான்.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையிடம் அழாக்குறையாகச் சொன்னேன்.

"பேப்பரிலை படம் போட்டவங்களெல்லே?" என்றார் அண்ணை. "நாவூறடா. வேறை ஒண்டுமில்லை."

"ஜெர்மன்காரனுக்கும் கண் படுமோ அண்ணை?"

"ஏன், அவனுக்குக் கண் இல்லையோ? செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுத்தி நெருப்பிலை போடு. கார மணம் வராட்டி நாவூறு இருந்தது, எரிஞ்சு போச்செண்டு அர்த்தம். இருமல் வந்தால் ஒண்டுமே இல்லையெண்டு அர்த்தம்."

சனிக்கிழமை மதியம், கடை நிறையச் சனம். செஃபின் முதுகைக் காட்டிக்கொண்டு சோள ரொட்டி தட்டுகிறா. மூன்று மிளகாய் எடுத்தேன். பிறகு யோசித்தேன். எங்கள் ஊரில் மூன்று மிளகாய் பக்கத்து வீட்டுக் கண்ணுக்குக் காணும். இது பத்திரிகை. ஊர் முழுக்க வாசித்திருக்கிறது. இரண்டு கைநிறைய அள்ளினேன். அதுவும் எங்கள் மிளகாய் இல்லை. வஹாக்காவிலிருந்து வந்தது, அந்த ஊர்ப் பிசாசே பயப்படுகிற சாமான். அவ தலைக்குப் பின்னால் மூன்று முறை சுற்றினேன். புகையை இழுக்கிற மெஷினை நிறுத்தினேன். புகை வெளியே போய்விட்டால் மணம் வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? என் வாழ்க்கையில் நான் அறிவோடு யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான். பிறகு எல்லாவற்றையும் கரி அடுப்பில் போட்டேன்.

மணம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இரண்டு நிமிடத்தில் கடை முழுக்கத் தெருவில் நின்றது. நாப்கினைக் கழுத்தில் கட்டியபடி, முள்ளுக்கரண்டியைக் கையில் பிடித்தபடி, எல்லோரும் இருமுகிறார்கள், அழுகிறார்கள். மேலே தொங்கு ரயிலில் போனவர்கள், இது ஏதோ செத்தவீடு என்று தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரர் ஒரு நீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் மருமகன், கையில் அளவு நாடா. மூன்று பேருமே இருமினார்கள், நாய் உட்பட. தீயணைப்பு வண்டி வந்தது.

நான் மட்டும் கண்ணீரோடு சிரித்துக்கொண்டு செஃபினிடம் ஓடினேன். "செஃபின்! ஒண்டுமில்லை! எல்லாரும் இருமினம்! உங்களிலை நாவூறே இல்லை!"

விசயத்தை முழுக்கச் சொல்லி முடித்தேன். அவ என்னையே பார்த்தா. பிறகு நடைபாதை ஓரத்தில் குந்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தா. நான் இன்றுவரை அப்படி ஒரு சிரிப்பைக் காணவில்லை.

"மடையா! எங்கடை ஊரிலை முட்டையாலை கழிக்கிறது! உடம்பு முழுக்க முட்டையை உருட்டி எடுத்துக் கோப்பைக்குள்ளை உடைச்சுப் பாக்கிறது! முட்டைக்கு ஆரடா இருமுவான்?"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. றிபன் நெய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வெடுத்தவர். நேரான மனிதர், நேரான மீசை. கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"பத்து வருசமா உங்கடை மணம் என்ரை வீட்டுக்குள்ளை வருது. ஒருநாள், ஒரே ஒருநாள் நீங்கள் மன்னிப்புக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலை வாங்கோ. முறையா மன்னிப்புக் கேட்டால் இன்னும் பத்து வருசத்துக்குக் கையெழுத்துப் போடுறன். இல்லாட்டி மருமகனுக்குத்தான்."

ஒரு சொல். ஒரு சொல்லில் கடை நிற்கும், எங்கள் ஆறு பேருடைய வேலையும் நிற்கும். என் சட்டைப்பையில் அந்தச் சொல் சில்லறை மாதிரிக் கிலுகிலுக்கிறது. அவவிடமோ ஒரு சதமும் இல்லை.

"செஃபின், எரிச்சது நான். நானே போய்ச் சொல்றன்," என்றேன்.

"என்ரை குசினியிலை எரிஞ்சது என்ரைதான். நீ வெங்காயத்தை வெட்டு."

கையில் கட்டோடு வந்த போலந்துப் பிள்ளையும் கெஞ்சியது. "செஃபின், சும்மா வாயாலை சொல்லுங்கோவன்."

"சும்மா வாயாலை சொல்றதெண்டால் பாட்டுப் பாடுவன்."

பொறுக்க முடியாமல் புதன்கிழமை களவாக மேலே போனேன். கதவு திறந்ததும் ஆரம்பித்தேன். மூச்சு விடாமல் பத்துப் பன்னிரண்டு சொல்லியிருப்பேன். வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, உம்மடை மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீர் என்ரை நாயிட்டையே கேட்கிறனீர்."

உண்மை. அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை செஃபின் பூப்போட்ட சட்டை போட்டு, பெரிய தோடு மாட்டிக்கொண்டா. ஒரு சட்டி சாப்பாடு கொண்டு போவோமா என்று கேட்டேன். "லஞ்சமோ?" என்று முறைத்தா. என்னையும் கூட வரச் சொன்னா, சாட்சிக்காம். படியில் ஏறும்போது பின்னாலிருந்து கடைசியாக ஒருமுறை முயன்றேன்.

"ஒரே ஒரு சொல் செஃபின். சொன்னால் பத்து வருசம்."

"பொய் சொல்லி வாங்கின பத்து வருசத்தை எந்தப் பெட்டியிலை வைக்கிறது?"

கதவு திறந்தது. நாய் பாய்ந்து அவவின் பாவாடையைக் கவ்வியது.

"என்ட்ஷுல்டிகுங்!" என்றார் வீட்டுக்காரர்.

"பரவாயில்லை," என்றா செஃபின்.

கோப்பி ஊற்றினார், சிந்தியது. என்ட்ஷுல்டிகுங். பால் முடிந்துவிட்டது. என்ட்ஷுல்டிகுங். செஃபின் இருந்த கதிரை ஒரு பக்கம் ஆடியது, அதற்கும் ஒன்று. இடையில் ரெலிபோன் அடித்தது, அதற்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவ ராணி மாதிரித் தலையை ஆட்டி, "பரவாயில்லை," என்றா. எண்ணிக்கொண்டிருந்த எனக்கு ஒரு கை விரல் முழுக்க முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் கடைசியில் ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, பக்கத்தில் பேனையை வைத்து, மீசையைத் தடவினார். "சரி. இப்ப நீங்கள்."

செஃபின் கோப்பியைக் கீழே வைத்தா.

"சனிக்கிழமை என்ரை குசினியிலை மிளகாய் எரிஞ்சது. உங்களுக்கும் நாய்க்கும் கண் எரிஞ்சது. எரிச்சவன் எனக்கு நல்லது நினைச்சு எரிச்சவன். எனக்கு அதிலை மனவருத்தம் இல்லை. இல்லாததை இருக்கெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

போச்சு. ஆட்களை வறுக்கிற கடைதான்.

"அவ்வளவுதானோ?" என்றார் அவர்.

"இல்லை. நான் வந்த நேரம் தொடக்கம் அஞ்சு தரம் என்னட்டை மன்னிப்புக் கேட்டியள். நாய்க்கு ஒண்டு, கோப்பிக்கு ஒண்டு, பாலுக்கு, கதிரைக்கு, ரெலிபோனுக்கு. உண்மையைச் சொல்லுங்கோ. ஒண்டிலையாவது உங்களுக்கு மனம் வருந்தினதோ?"

வீட்டுக்காரர் யோசித்தார். நேரான மனிதர் என்று சொன்னேனே. பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இல்லை," என்றார்.

"அப்ப அது எனக்கும் தேவையில்லை. அஞ்சையும் திருப்பித் தாறன். அதிலை ஒண்டை நான் கேட்டதா வைச்சுக்கொள்ளுங்கோ. மிச்சம் நாலும் வரப்போற வருசங்களுக்கு."

முதலில் மீசைதான் அசைந்தது. பிறகு தோள். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாய் பயந்து கட்டிலுக்குக் கீழே போனது. சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"மணம் எனக்குப் பிரச்சினை இல்லை. எப்ப வரும் எண்டு தெரியாததுதான் பிரச்சினை. பத்து வருசமா, யன்னலைத் திறக்கிறதோ பூட்டுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறன். முன்கூட்டிச் சொல்லேலாதோ?"

"தெர்மீன் வேணுமோ?" என்றா செஃபின். இந்த நாட்டில் பல்லுப் பிடுங்கவும் தலைமயிர் வெட்டவும் முன்கூட்டியே நேரம் எழுதி வாங்குகிற அதே தெர்மீன். "முதலே கேட்டிருக்கலாமே. வியாழன், மூண்டு மணி."

அவர் பேனையை எடுத்து, ஒப்பந்தத்தின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதினார்: மிளகாய் வறுத்தல், வியாழக்கிழமைகளில், பிற்பகல் மூன்று மணி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடை அந்தப் பத்து வருடமும் ஓடியது, அதற்கு மேலும் ஓடியது. மருமகன் வேறு தெருவில் விளக்குக் கட்டில் போட்டு ஆட்களை வறுத்தான்.

முதல் வியாழக்கிழமை வந்தது. அந்த நேரத்தில் நாயோடு ஆற்றங்கரைக்கு நடக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். செஃபின் அடுப்பை மூட்டி, இரும்புத் தட்டை வைத்து, மிளகாயைத் துடைத்துக்கொண்டிருந்தா. குசினிக் கதவில் யாரோ தட்டினார்கள். வீட்டுக்காரர். கோட்டுப் போட்டு, கையில் மடித்த கைலேஞ்சியோடு, நாய் இல்லாமல். மணிக்கூட்டை எங்களுக்குக் காட்டினார்.

"மூண்டு மணி ரெண்டு நிமிசம். இன்னும் மணக்கேல்லை."

என் நாக்கு நுனிவரை வந்ததை நான் பல்லால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செஃபின் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்ப ரெண்டு நிமிசம் கூட இருந்திட்டுப் போங்கோ," என்றா. காலால் ஒரு சோளச் சாக்கை அவர் பக்கம் தள்ளிவிட்டு, முதல் பிடி மிளகாயைத் தட்டில் போட்டா.

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாக்கில் இருந்தார். ஆறு மணிக்கு நாங்கள் கடையைத் திறந்தபோதும், சிவந்த கண்ணோடு அங்கேதான் இருந்தார். மேலே நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.